அரை நொடி

போகுமிவ் வாசிக்கிறார்.
வார்சாவில், பஞ்சு ஒட்டிய சின்ன அறையில்,
ஒரு குவளை வெந்நீர், ஒரு பென்சில்,
மூக்கில் இறங்கிய கண்ணாடி.
அந்த ஊர்த் தொலைக்காட்சியில் அப்படித்தான்:
வெளிநாட்டுத் தொடர் என்றால்
கதாநாயகி, வில்லன், குழந்தை, போலீஸ்காரன்
எல்லோருக்கும் அவர் ஒருவரே குரல்.
ஏறாது, இறங்காது,
ரயில் நேரம் அறிவிப்பது மாதிரி.

போலந்து மொழியில்
'நேசித்தேன்' என்று சொன்னாலே
சொன்னது ஆணா பெண்ணா என்று வால் காட்டிக்கொடுத்துவிடும்.
'கொஹாவெம்' என்றால் அவன்.
'கொஹாவம்' என்றால் அவள்.
(தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
நம் 'நேசித்தேன்'
யார் வாயிலும் உட்காரும்.)
ஆக, முப்பத்தோரு வருடமாக
மீசைக்காரர் ஒருவர்
வீடு வீடாக, இரவு உணவு நேரத்தில்,
'ரிக்கார்தோ, உன்னை நேசித்தேன்' என்று
பெண்பால் விகுதியோடு சொல்லிவந்திருக்கிறார்.
ஒருவர் கையிலிருந்தும் கரண்டி நழுவவில்லை.

இப்போது இந்த ஸ்பானியத் தொடர்.
ஆஸ்பத்திரி. இரண்டு பெண்கள்.
ஒருத்தி மயக்க மருந்து டாக்டர்,
மற்றவள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.
ஆறாம் பகுதி, பன்னிரண்டாம் நிமிடம்,
டாக்டருக்குக் காய்ச்சல், கட்டிலில் கிடக்கிறாள்.
வாசலில் மறிக்கிறார்கள், யார் நீங்கள்?
ஓட்டுநர் பதில் சொல்கிறாள்.
மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்:
'உள்ளே இருப்பது என் மனைவி.'
மேலே யாரோ பச்சை மையில் அடித்து
'அறைத்தோழி' ஆக்கியிருந்தார்கள்.

போகுமிவ் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.
தாளில் இருப்பதை வாசிப்பார். கூலி பக்கக் கணக்கு.
அன்று அந்தச் சொல்லில் இருமினார்.
மறுபடி எடுத்தார்கள். மறுபடி இருமல்.
மூன்றாம் தடவை
தாமதமாகத் தொடங்கினார். அரை நொடி,
அதற்கு மேல் இருக்காது.
இப்படியே போகட்டும் என்றார் ஒலிப்பதிவாளர்,
அவருக்குப் பிள்ளையைப் பள்ளியில் அழைக்க நேரமாகிவிட்டது.
அது இருமல்தானா, வேறு ஏதாவதா,
எனக்குத் தெரியாது.
அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பித்கோஷ்சில், ஒன்பதாம் மாடியில்
யோவிடாவும் ஹல்ஷ்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரே போர்வை. கிண்ணத்தில் சூரியகாந்தி விதைத் தோல்.
வாடகை ஒப்பந்தத்தில் அவர்களும் அறைத்தோழிகள்தான்.
யோவிடா இரண்டு கோடை வெல்வாவில் ஸ்ட்ராபெர்ரி பறித்தவள்.
முதுகுவலியோடு கொஞ்சம் ஸ்பானியமும் கொண்டுவந்திருந்தாள்.
அந்த அரை நொடியில்,
ஆண்குரல் வந்து மூடும் முன்,
அடியிலிருந்து தெளிவாக:
'மி முஹேர்.'

கேட்டதா?
என்ன?
அறைத்தோழி இல்லையடி. பெண்டாட்டி என்கிறாள்.
ரிமோட்டைத் தேடிப் பின்னுக்கு ஓட்டினார்கள்.
மறுபடி.
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை
ஏழு தடவை.

ஒன்பதாம் பகுதியில் ஓட்டுநர் செத்துப்போனாள்.
வேறென்ன செய்வார்கள். ஈரச் சாலை, லாரி.
'லாரி இல்லையென்றால் புற்றுநோய்' என்றாள் ஹல்ஷ்கா,
'நம்மை உயிரோடு வைத்துக் கதை முடிக்க
இவர்களுக்குத் தெரியாது.'
சொல்லிவிட்டு அழுதாள். கிண்ணம் கவிழ்ந்தது.
பிணவறைக் கதவில் நின்று டாக்டர் சொன்னதை
போகுமிவ் தன் ரயில் குரலில் வாசித்தார்:
'கொஹாவம்.'
அதை யாரும் திருத்தவில்லை.
யாரை என்று வாக்கியத்தில் இல்லை.

மறுநாள் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த பையன்
படிவத்தை நீட்டிப் பிடித்துக் கேட்டான்,
உள்ளே தூங்குபவர் உங்களுக்கு என்ன வேண்டும்?
யோவிடா கதவைப் பாதி மூடப் போனாள்.
பிறகு ஸ்பானியத்தில் சொன்னாள்.
அது குடும்பப் பெயரா என்றான்.
ஆமாம் என்றாள்.
எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டான்.